தில்ஆராம் கண்ட செக்மேட்

தோற்கப் போகிற ஒருவனின் பலகை அது. கறுப்பின் இரண்டு கோட்டைகளும் அவனுடைய ராஜாவை நெருங்கிவிட்டன. அடுத்த நகர்வில் செக்மேட். பொன்னும் பொருளும் ஏற்கெனவே போய்விட்டன; இந்த ஆட்டத்துக்கு அவன் பந்தயமாக வைத்திருப்பது தில்ஆராமை, தன் மனைவியை. அவள் திரைக்குப் பின்னாலிருந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டை இரண்டையும் கொடுத்துவிடு, என்னைக் கொடுத்துவிடாதே என்று அவள் குரல் கொடுத்ததாகப் பாரசீகக் கதை சொல்கிறது.

கதையின் விவரங்கள் பிரதிக்குப் பிரதி வேறுபடும். அவள் கண்ட வழி இதுதான். வலது ஓர வரிசையில் வெள்ளைக்கு இரண்டு கோட்டைகள். அவற்றுக்கு நடுவே ஒரு யானை, யானைக்குப் பக்கத்தில் குதிரை. கறுப்பு ராஜா மூலைக்கு அடுத்த கட்டத்தில் நிற்கிறது. அதை முன்னேற விடாமல் வெள்ளைக் காலாட்கள் இரண்டு. முதல் கோட்டை மூலைக்குப் போய் செக் வைக்கிறது. ராஜாவுக்கு வேறு வழியில்லை, வெட்டியே ஆக வேண்டும். உடனே, அன்றைய விதிப்படி காய்களைத் தாண்டக்கூடிய யானை குதிரையைத் தாண்டிக் குதிக்கிறது. அது விலகியதும், பின்னால் நின்ற கோட்டை செக் வைக்கிறது. கறுப்பு தன் கோட்டையொன்றைக் குறுக்கே போடலாம். அதையும் வெட்டினால் மறுபடி செக். ராஜா பழைய கட்டத்துக்கு விலகுகிறது. இரண்டாவது கோட்டையும் மூலைக்குப் போய்ச் சாகிறது. இப்போது காலாள் ஓரடி முன்னே வைத்தாலே செக். ராஜா மீண்டும் ஒதுங்க, குதிரை பாய்கிறது. தப்பிக்க ஒரு கட்டமும் இல்லை.

இதில் என்னை இன்றும் திகைக்க வைப்பது வெள்ளைக்கு மூச்சுவிடவும் நேரமில்லாத நிலைதான். செக் வைக்காமல் ஒரேயொரு நகர்வு செய்தாலும் தில்ஆராம் போய்விடுவாள். ஆகவே ஒவ்வொரு அடியும் எதிரியைக் கட்டாயப்படுத்த வேண்டும். விளையாடியவன் தன் கோட்டைகளின் மதிப்பைப் பார்த்தான். அவளோ கடைசியில் குதிரை நிற்கப்போகும் கட்டத்தை முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்திருக்க வேண்டும். பந்தயப் பொருளாக வைக்கப்பட்டவளே அங்கே சிறந்த ஆட்டக்காரி.

இந்தியாவில் சதுரங்கமாகப் பிறந்து, பாரசீகம் வழியாக அரபுலகம் சேர்ந்த ஆட்டம் இது. அங்கே இத்தகைய புதிர்களுக்கு ‘மன்ஸூபா’ என்று பெயர். 9ஆம் நூற்றாண்டில் அல் அத்லீ செஸ் பற்றி நூல் எழுதினார். அவருக்குப் பின் வந்த அஸ் ஸூலீ, கலீபா அல் முக்தஃபியின் அவையில் வென்று புகழ்பெற்று, 946இல் பஸ்ராவில் இறந்தார். மன்ஸூபாக்கள் கையெழுத்துப் பிரதிகளில் படியெடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போயின.

இலங்கையின் கிழக்கே கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் எங்கள் கரையில் முஸ்லிம்கள் ஷாபிஈ மத்ஹபை (சட்டப் பள்ளியை)ப் பின்பற்றுகிறவர்கள். செஸ் ஆடலாமா என்ற கேள்வி இங்கே பிள்ளைகளிடமிருந்து வந்துகொண்டே இருக்கும். மற்ற மத்ஹபுகள் இதில் கூடுதல் கண்டிப்பானவை. ஷாபிஈ அறிஞர்களில் பெரும்பாலோர் மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்ற அளவில் நிறுத்தினார்கள். பந்தயம் கட்டினாலோ ஆட்ட மயக்கத்தில் தொழுகை தவறினாலோ ஹறாம் (தடுக்கப்பட்டது). நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினரான தாபிஈன்களில் ஒருவரான ஸஈத் இப்னு ஜுபைர் பலகைக்கு முதுகைக் காட்டியபடியே ஆடுவார் என்று பழைய பதிவுகள் உண்டு. பந்தயத்தை ஏன் அவ்வளவு அஞ்சினார்கள் என்று கேட்கும் பிள்ளைக்குத் தில்ஆராமின் கதையைச் சொன்னால் போதும். ஒரு மனிதன் எதைத் தூக்கிப் பலகையருகே வைப்பான் என்பதற்கு எல்லையே இல்லை.

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் விதிகள் மாறின. குதித்துச் சென்ற யானை இன்றைய பிஷப் ஆகி, குறுக்குக் கோட்டில் எவ்வளவு தூரமும் போகத் தொடங்கியது. ஆனால் எதையும் தாண்டும் வல்லமையை இழந்தது. குதிரை வழியடைத்து நிற்பதால், தில்ஆராமின் இரண்டாவது நகர்வு இன்றைய விதிப்படி செல்லாது. கோட்டையும் குதிரையும் மட்டும் பழைய நடையிலேயே இருக்கின்றன. புதிதாக வலிமை பெற்ற ராணியும் வெட்டக் கொடுக்கும் காயானது. 1497இல் ஸ்பெயினின் சலமாங்காவில் வெளியான லுசேனாவின் நூலில் ராணியை ராஜாவின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்து, கோட்டையால் வெட்டச் செய்து, தன் காய்களாலேயே அடைபட்ட அந்த ராஜாவைக் குதிரையால் முடிக்கும் வழி இருக்கிறது.

தில்ஆராமின் அந்தப் பழைய பார்வை 2016 நவம்பர் 30 அன்று நியூயோர்க்கில் உலகம் பார்க்க வெளிப்பட்டது. உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் 12 ஆட்டங்களுக்குப் பின் கார்ல்சனும் கர்யாகினும் சமநிலை. முடிவு காண ஆடிய வேக ஆட்டங்களில் கடைசியானது இது. கார்ல்சனுக்கு அன்று 26ஆவது பிறந்தநாள். கர்யாகின் அடுத்த நகர்வில் செக்மேட் வைக்கக் காத்திருந்தார். 50ஆவது நகர்வில் கார்ல்சன் தன் ராணியை எதிர் ராஜாவின் வாசலில் கொண்டுபோய் வைத்தார். ராஜா வெட்டினால் ஒரு கோட்டை மூலையிலிருந்து முடிக்கும். காலாள் வெட்டினால் மற்றக் கோட்டை முடிக்கும். கர்யாகின் இரண்டில் எதனாலும் வெட்டாமல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.