லீப் நாளால் தீராத விலகல்: 1957ஆம் ஆண்டின் இந்திய தேசிய நாட்காட்டி

சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதாகப் பஞ்சாங்கம் கணிக்கும் சித்திரை முதல் நாள் இன்று ஏப்ரல் 14ஐ ஒட்டி வருகிறது. பகலும் இரவும் சமமாகும் மார்ச் சமநாளோ அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே கடந்துவிடுகிறது. சித்தாந்த வானியல் நூல்கள் உருவான காலத்தில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே நிகழ்ந்தன. லீப் நாளைச் சேர்க்கத் தவறியதால் இந்த இடைவெளி வந்துவிட்டது எனக் கருதுவது பிழை.

தமிழ்ச் சூரிய நாட்காட்டிக்கு லீப் விதி தனியாகத் தேவைப்படவில்லை. சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் சங்கராந்தி அஸ்தமனத்துக்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதம் பிறக்கும். பின்னர் நிகழ்ந்தால் மறுநாள். ஆண்டின் நீளம் 365 நாளுக்கு மேல் கால் நாள் அளவு மிகுவதால், பெரும்பாலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 366 நாள் கொண்ட ஆண்டு தானே அமைந்துவிடும். ரோமில் ஜூலியஸ் சீசர் ஆணையிட்டுச் சேர்த்த நாளை இங்கே சங்கராந்திக் கணக்கே சேர்த்துக்கொள்கிறது.

விலகலின் வேர் வேறு. சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு 365.258756 நாள், பருவங்கள் திரும்பி வரும் ஆண்டு 365.2422 நாள். வேறுபாடு ஆண்டுக்குச் சுமார் 24 நிமிடம். அறுபது ஆண்டில் அது ஒரு நாள்; 1400 ஆண்டில் 23 நாள். இந்த 24 நிமிடத்தில் பழங்கணக்கின் மிகை மூன்றரை நிமிடம் மட்டுமே. மீதி 20 நிமிடம் பிழையே அன்று. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சமநாள் புள்ளி விண்மீன்களிடையே பின்னோக்கி நகர்கிறது. எனவே விண்மீனை வைத்து அளக்கும் ஆண்டு பருவ ஆண்டைவிட அவ்வளவு நீளம்.

1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரியின் திருத்தம் எளிதாக முடிந்ததன் காரணமும் இதில் விளங்கும். ஜூலியன் கணக்கும் பருவ ஆண்டையே குறிவைத்தது. சுமார் 11 நிமிடம் மிகுந்திருந்தது, அவ்வளவே. பத்து நாளை நீக்கி, 400 ஆண்டில் மூன்று லீப் நாளைக் கைவிட்டதும் அது சரியாயிற்று. இந்தியாவில் எந்த ஆண்டை அளப்பது என்பதே கேள்வி.

அக்கேள்வியை 1952 நவம்பரில் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு நேராக எதிர்கொண்டது. தலைவர் இயற்பியலாளர் மேகநாத் சாகா, செயலர் என். சி. லாகிரி. நாடெங்கும் வழங்கிய ஏறத்தாழ முப்பது நாட்காட்டிகளை ஆராய்ந்து, 1955இல் அறிக்கை அளித்தனர். பருவ ஆண்டையே தேர்ந்தனர். சக ஆண்டு மார்ச் 22இல் தொடங்கும். லீப் ஆண்டில் மார்ச் 21இல். சக ஆண்டோடு 78ஐக் கூட்டி, கிரிகோரியன் விதியால் லீப் ஆண்டைக் கண்டறிய வேண்டும். மிகுநாள் முதல் மாதமான சைத்ரத்துக்குப் போய், அது 31 நாளாகும். அடுத்த ஐந்து மாதங்களுக்கும் 31 நாள் கொடுத்ததில் நுட்பமான வானியல் இருக்கிறது. சூரியன் சமநாளிலிருந்து சமநாள்வரை கோடைப் பாதியைக் கடக்கச் சுமார் 186 நாள் எடுக்கிறது. குளிர்ப் பாதிக்கு 179 நாளே போதும். நம் ஆனி நீண்டும் மார்கழி குறுகியும் இருப்பதற்கும் இதே காரணம்தான்.

1957 மார்ச் 22, சக 1879 சைத்ரம் முதல் நாளாக அறிவிக்கப்பட்டது. சாகா அதற்கு ஓராண்டு முன்பே, 1956 பிப்ரவரியில், மறைந்திருந்தார். அரசிதழிலும் அகில இந்திய வானொலிச் செய்தியிலும் அத்தேதி இடம்பெற்றது, வீடுகளுக்குள் நுழையவில்லை.

குழுவின் கணிதத்தில் இதற்கான குறையைத் தேடுவது வீண் என்பது என் முடிபு. மக்கள் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது நட்சத்திரத்துக்கும் திதிக்கும். பருவத்தை மழையே சொல்லிவிடும். குழுவும் இதை அறியாமல் இல்லை. சமய நாட்காட்டிக்கென சமநாள் புள்ளிக்கும் விண்மீன் ராசித் தொடக்கத்துக்கும் இடையிலான கோணமாகிய அயனாம்சத்தை 23 பாகை 15 கலையில் நிலைநிறுத்தி, விலகல் மேலும் வளராமல் நிறுத்த முயன்றது. தமிழகத்தில் அச்சமரசமும் வேரூன்றவில்லை. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் தத்தம் கணக்கிலேயே தொடர்கின்றன. சூரியன் டிசம்பர் 21 அல்லது 22இல் வடக்கே திரும்பிவிட்டாலும், உத்தராயணப் புண்ணிய காலத்தைத் தை முதல் நாளிலேயே இரு பஞ்சாங்கங்களும் குறிக்கின்றன.