ஃபிரெடி மெர்க்குரி நினைவு இசைநிகழ்ச்சி (1992)

ஃபிரெடி மெர்க்குரி நினைவு இசைநிகழ்ச்சி, 1992 ஏப்ரல் 20, ஈஸ்டர் திங்களன்று லண்டன் வெம்பிளி விளையாட்டரங்கில் நடந்த ராக் இசைநிகழ்ச்சி. குயின் இசைக்குழுவின் பாடகர் மெர்க்குரிக்கு அஞ்சலி செலுத்தவும், எய்ட்ஸ் விழிப்புணர்வைப் பரப்பவும், அந்நோய்க்கு எதிரான பணிகளுக்கு நிதி திரட்டவும் குழுவின் மற்ற மூவர் இதை நடத்தினர். அரங்கில் சுமார் 72,000 பேர் கூடினர். 76 நாடுகளில் ஒளிபரப்பானது. தொலைக்காட்சியில் நூறு கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்வார்கள். யாரும் எண்ணிச் சொன்ன கணக்கல்ல, உத்தேசம்தான்.

பின்னணி

மெர்க்குரியின் இயற்பெயர் ஃபாரூக் புல்சாரா. 1946இல் சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில். பத்திரிகைகள் துருவித் துருவிக் கேட்டும் தம் நோயைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. தமக்கு எய்ட்ஸ் என்ற அறிக்கை 1991 நவம்பர் 23 அன்று வெளியானது. மறுநாள் இரவு, 45ஆம் வயதில் இறந்தார். எய்ட்ஸின் விளைவாக வந்த நிமோனியாவே காரணம்.

இந்த நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள அறிக்கைக்கும் இறப்புக்கும் இடையிலான அந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒருநாள் மட்டும் அவர் வெளிப்படையாகச் சொன்ன நோயை, அவருடைய நண்பர்கள் நிகழ்ச்சியின் பெயரிலேயே சேர்த்தார்கள். 'எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக' என்பது முழுப்பெயரின் ஒரு பகுதி. நோயாளியைத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று பலர் நம்பிய காலம் அது. நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாவதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

1992 பிப்ரவரியில் பிரிட் விருது விழா மேடையில் கிட்டார் கலைஞர் பிரையன் மேயும் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லரும் நிகழ்ச்சியை அறிவித்தனர். குயின் குழுவைத் தவிர யார் யார் பாடுவார்கள் என்று சொல்வதற்கு முன்பே, சில மணி நேரத்தில் டிக்கெட்டுகள் தீர்ந்துவிட்டன.

மேடையில்

முதல் பாதியில் மெட்டாலிகா, எக்ஸ்ட்ரீம், டெஃப் லெப்பர்டு, கன்ஸ் அண்ட் ரோசஸ் முதலான குழுக்கள் பெரும்பாலும் தங்கள் பாடல்களையே வாசித்தன. எக்ஸ்ட்ரீம் மட்டும் குயின் பாடல்களையே கோத்து ஒரு தொகுப்பாக வாசித்தது. யூ2 குழு அமெரிக்காவிலிருந்து செயற்கைக்கோள் வழியே தோன்றியது.

இரண்டாம் பாதிதான் இன்றும் பேசப்படுவது. மே, டெய்லர், பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் டீக்கன் ஆகிய மூவரும் வாசிக்க, பாட்டுக்கு ஒருவர் என வந்து பாடினர். மெர்க்குரியின் குரல் எவ்வளவு அகலமானது என்பது அன்று தெரிந்தது: அவர் ஒருவர் பாடியதைப் பாட ஒரு பட்டாளமே தேவைப்பட்டது, அவர்களிலும் பலர் திணறினார்கள். லெட் செப்பலின் பாடகர் ராபர்ட் பிளான்ட், 'இன்யுவெண்டோ' பாடலின் வரிகளில் தடுமாறினார். லிசா ஸ்டான்ஸ்ஃபீல்டு தலையில் சுருள் குழல்களோடு, தூசு உறிஞ்சும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ' பாட வந்தார். அந்தப் பாட்டின் 1984ஆம் ஆண்டு வீடியோவில் பெண் வேடத்தில் மெர்க்குரி வீடு கூட்டும் காட்சி நினைவிருந்தவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

'அண்டர் பிரஷர்' பாடலை 1981இல் டேவிட் பௌவியும் குயினும் சேர்ந்து பதிவு செய்திருந்தார்கள். ஆனால் பௌவியும் மெர்க்குரியும் அதை மேடையில் சேர்ந்து பாடியதே இல்லை. இங்கே மெர்க்குரியின் இடத்தில், கண்ணைச் சுற்றிக் கறுப்புச் சாயம் பூசிய ஆனி லெனக்ஸ் நின்றார். பிறகு பௌவி, நோயால் சாகக் கிடந்த ஒரு நண்பரை நினைத்து, முழந்தாளிட்டுக் கிறித்தவ ஜெபம் ஒன்றைச் சொன்னார். ராக் ரசிகர்கள் எதிர்பார்க்காத காட்சி; அன்று அதைக் கேலி செய்தவர்களும் உண்டு.

எல்லாரையும் மிஞ்சியவர் ஜார்ஜ் மைக்கேல் என்பதில் ரசிகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அவர் பாடிய 'சம்படி டு லவ்' மெர்க்குரியைப் போலச் செய்து காட்டியதல்ல, பாட்டைத் தனதாக்கிக்கொண்டது. தம் துணைவரும் நோயுற்றிருந்தார் என்பதையும், அவரை மனத்தில் வைத்தே அன்று பாடியதையும் மைக்கேல் பின்னாளில் சொன்னார். தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை அவர் பொதுவில் அறிவித்ததே 1998இல்தான்.

'போஹீமியன் ராப்சடி' பாடலின் முன்பகுதியை எல்டன் ஜான் பாடினார். பல குரல்கள் அடுக்கிய ஓபராப் பகுதிக்குப் பழைய ஒலிப்பதிவே ஓடியது. அடுத்த பகுதிக்கு, கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் பாடகர் ஆக்சல் ரோஸ் ஓடிவந்தார். தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் சொற்கள் கொண்ட பாட்டை எழுதியவர் அவர் என்பதால், ஆக்ட் அப் என்ற எய்ட்ஸ் செயற்பாட்டு அமைப்பு அவரை அழைத்ததை எதிர்த்து நிகழ்ச்சிக்கு முன்பே குரல் கொடுத்திருந்தது. முடிவில் லைசா மினெல்லி 'வீ ஆர் த சாம்பியன்ஸ்' பாட, மற்றவர்கள் சேர்ந்துகொண்டனர்.

நோயைப் பற்றிய பேச்சு

எய்ட்ஸ் ஆராய்ச்சிக்காக 1985 முதல் நிதி திரட்டிவந்த நடிகை எலிசபெத் டெய்லர், பாட்டுக் கேட்க வந்த கூட்டத்தின் முன் நின்றார். கூச்சல் போட்டவர்களிடம், பயப்பட வேண்டாம், நான் பாடப்போவதில்லை என்றார். பிறகு கூட்டத்தையே அளவுகோலாக்கினார்: இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்களோ, இரண்டே வாரத்தில் அத்தனை பேருக்குப் புதிதாகத் தொற்று வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஆணுறை பயன்படுத்துங்கள் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஜார்ஜ் மைக்கேலும் பாட்டுக்கிடையே பேசினார். இது வேறு யாருக்கோ வரும் நோய் என்று நினைப்பவர்களையே அவர் எச்சரித்தார். எய்ட்ஸ் விழிப்புணர்வின் அடையாளமாக முந்தைய ஆண்டு நியூயார்க்கில் உருவான சிவப்பு ரிப்பன், ஒரு லட்சத்துக்கும் மேல் அரங்கில் விநியோகிக்கப்பட்டது.

பிறகு

வந்த பணத்தைக் கொண்டு 1992இல் மெர்க்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. பல நாடுகளில் எச்.ஐ.வி. தடுப்பு, விழிப்புணர்வுப் பணிகளுக்கு அது நிதி அளித்துவருகிறது. மைக்கேல் பாடியவை இடம்பெற்ற 'ஃபைவ் லைவ்' இசைத்தட்டு 1993இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்த வருமானமும் அறக்கட்டளைக்கே சென்றது. பௌவியோடு அன்று வாசித்த கிட்டார் கலைஞர் மிக் ரான்சனுக்கு அதுவே கடைசிப் பெரிய மேடை. 1993 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தார்.

நிகழ்ச்சியின் டிவிடி 2002இல் வெளியானது. பிளான்டின் விருப்பப்படி 'இன்யுவெண்டோ' அதில் சேர்க்கப்படவில்லை. 2020 மே மாதம், கொரோனா நிவாரண நிதிக்காக இந்நிகழ்ச்சி யூடியூப்பில் 48 மணி நேரம் மீண்டும் காட்டப்பட்டது.