கனவுகள் (கிரெட்டே ஸ்டெர்னின் ஒட்டுப்படங்கள்)

‘கனவுகள்’ என்பது கிரெட்டே ஸ்டெர்ன் (1904–1999) 1948 முதல் 1951 வரை புவெனஸ் ஐரிஸில் உருவாக்கிய புகைப்பட ஒட்டுப்படங்களின் வரிசை. ‘இடிலியோ’ என்ற பெண்கள் வார இதழுக்காகச் செய்யப்பட்ட இவை ஏறத்தாழ 150. மனநலத்தையும் கனவையும் பற்றிய மீமெய்யியல் கலையில், அவ்வளவு பெரிய பொதுவாசகர் கூட்டத்தை வாரந்தோறும் சென்றடைந்த படைப்புகள் மிகச் சிலவே.

ஸ்டெர்ன் ஜெர்மனியின் எல்பர்ஃபெல்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் வால்டர் பீட்டர்ஹான்ஸிடமும் பின்னர் பவுஹவுஸ் பள்ளியிலும் பயின்றார். எல்லன் அவுவர்பாக்குடன் ‘ரிங்கல்+பிட்’ என்ற விளம்பரப்பட நிலையத்தை நடத்தினார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் லண்டனுக்குப் போய், அர்ஜென்டினப் புகைப்படக் கலைஞர் ஒராசியோ கோப்பொலாவை மணந்து அவர் நாட்டிலேயே குடியேறினார்.

இடிலியோவில் ‘உளப்பகுப்பாய்வு உங்களுக்கு உதவும்’ என்றொரு பகுதி வந்தது. வாசகியர் தங்கள் கனவுகளை எழுதி அனுப்புவார்கள். ‘ரிச்சர்ட் ரெஸ்ட்’ என்பவர் விளக்கம் தருவார். அது புனைபெயர். பின்னாளில் அர்ஜென்டினச் சமூகவியலின் முன்னோடியாக அறியப்பட்ட ஜீனோ ஜெர்மானியும் உளவியலாளர் என்ரிக்கே புட்டெல்மானும் அதன் பின்னால் இருந்தனர்.

படம் செய்யும் முன் ஸ்டெர்ன் கனவின் விளக்கத்தை ஜெர்மானியுடன் பேசிக்கொள்வார். படம் நெடுக்கில் வேண்டுமா கிடையில் வேண்டுமா, பூவோ விலங்கோ இடம்பெற வேண்டுமா என்பதுகூட அந்தப் பேச்சில் முடிவாகும். பிறகு தாம் சேர்த்து வைத்திருந்த படங்களிலிருந்து கடல், மேகம், தெரு ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பார். ஆட்கள் தேவைப்பட்டால் மகளையும் நண்பர்களையும் நிற்கவைத்துப் புதிதாக எடுப்பார். அச்சிட்ட படங்களை வெட்டி, அடுக்கி, ஒட்டி, முழுவதையும் மீண்டும் ஒரு படமாக எடுப்பார். உருவங்களின் அளவைக் குலைப்பதில்தான் அவர் திறமை பளிச்சிடுகிறது. பக்கத்தில் நிற்பது பூதாகரமாகும், ஆள் சுண்டுவிரல் அளவாகச் சுருங்குவார், ஆனாலும் ஒளியும் நிழலும் பொய் சொல்லாது. கனவின் அச்சம் நம்பும்படி நிற்பது அதனால்தான்.

‘வீட்டு மின்சாதனங்கள்’ என்ற படத்தில் ஒரு பெண் மேசைவிளக்கின் அடித்தண்டாக அமர்ந்திருக்கிறாள்; விளக்கைப் போட ஓர் ஆணின் பெரிய கை நீள்கிறது. இன்னொன்றில் கடற்கரையில் கிடக்கும் புட்டிக்குள் ஒருத்தி அடைபட்டிருக்கிறாள். இதழின் உரை பெரும்பாலும் சிக்கலைக் கனவு கண்டவளின் உள்மனத்துக்குள்ளேயே தேடியது. ஸ்டெர்னின் படமோ அவளை அடைத்து வைத்த வீட்டையும் அந்தக் கையையும் காட்டியது. அர்ஜென்டினப் பெண்களுக்கு வாக்குரிமைச் சட்டம் வந்தது 1947இல். அவர்கள் தேசியத் தேர்தலில் முதன்முறை வாக்களித்தது 1951இல். அந்த இடைவெளியில்தான் இந்தப் படங்கள் வெளிவந்தன. கடிதம் எழுதியவர்களின் துயரத்தை, விளக்கம் எழுதியவர்களைவிட ஸ்டெர்னே நேராகப் புரிந்துகொண்டார் என்று துணிந்து சொல்லலாம்.

அச்சுக்குப் போன மூலப்படங்களில் பெரும்பகுதி திரும்பவில்லை. அவர் மறுபடம் எடுத்துக் காத்த நெகட்டிவ்களிலிருந்து பிற்பாடு அச்சிட்டவையும் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. 2015இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஸ்டெர்ன், கோப்பொலா இருவரின் படைப்புகளையும் சேர்த்துக் கண்காட்சி நடத்தியது. வாய்ப்புக் கிடைத்தால் இப்படங்களை இதழின் பழைய பக்கங்களோடு வைத்துப் பாருங்கள். அருகிலிருந்த உரையைப் படிக்காமல், படம் எதை மறுத்தது என்பது பாதிதான் விளங்கும்.