மணமகள் கையில் மருதோன்றிக் கோலம்

தாணே நகரில் தமிழர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்கு முந்திய நாள் மாலையில் சென்று பாருங்கள். கூடத்தின் ஒரு மூலையில், மணப்பெண் இரு கைகளையும் தலையணைமேல் நீட்டி அசையாமல் அமர்ந்திருப்பாள். எதிரே ஒரு பெண் மருதோன்றிக் குழம்பு நிறைந்த கூம்பைப் பிடித்து, மயில், மாங்காய், தாமரை, கொடி என்று முழங்கை வரையில் இழை இழையாக எழுதிக்கொண்டிருப்பாள். வேலை முடியச் சில மணி நேரமாகும். மணமகன் பெயரை அக்கொடிகளுக்கிடையே ஒளித்து வைப்பதும் உண்டு; அதைக் கண்டுபிடிப்பது அவன் பாடு. பாட்டி அருகில் வந்து பார்ப்பாள். "இதெல்லாம் நம் வழக்கமா, அம்மா? நாலு கொத்து இலை பறித்து அரைத்து வைத்தால் போதாதோ?" என்பாள்.

பாட்டியின் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடலாகாது. பிற மாநிலத்தில் குடியேறி வாழும் நமக்கு, எது நம்முடையது, எது அண்டை வீட்டாரிடம் பெற்றது என்று அறிந்துகொள்ளும் ஆவல் இயல்பே. இந்தச் சிவப்புக் கோலத்தின் வரலாறோ, பாட்டியும் பேத்தியும் நினைப்பதினும் சற்றுச் சிக்கலானது.

செடி நமக்குப் புதிதன்று. மருதோன்றி, ஐவணம், அழவணம் என அதற்குத் தமிழில் பெயர்கள் பல. மருதாணி என்பது பேச்சு வழக்கு. மலையாளத்தார் மயிலாஞ்சி என்பர். தெலுங்கர் கோரிண்டாகு என்பர். மராத்தியர் மேந்தி என்பர். எகிப்தின் பழைய சடலங்களின் கூந்தலில் இச்சாயம் காணப்பட்டுள்ளது. நம் நாட்டு மருத்துவ நூல்களில் 'மதயந்திகா' என்று வரும் செடி இதுவே எனக் கொள்வோர் உளர். பூனா பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சிக் கழகத்தில் பல்லாண்டு பணியாற்றிய பி. கே. கோடே அவர்கள் மருதோன்றியின் வரலாற்றை ஆராய்ந்து தனிக் கட்டுரையே எழுதினார். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் அரபு நாடுகள் பலவற்றின் மருதோன்றிச் சடங்குகளைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஒரே இலையை எத்தனையோ நாட்டார் தத்தமதென்று உரிமை கொண்டாடுகின்றனர். யாரையும் பொய்யர் என்று சொல்வதற்கில்லை.

உடலில் கோலம் எழுதுவதும் தமிழர்க்குப் புதிதன்று. சங்க நூல்களில் தொய்யில் என்றொரு கலை பேசப்படுகிறது. மகளிர் மார்பிலும் தோளிலும் குழம்பால் கரும்பும் கொடியும் எழுதிய கலை அது. பாதங்களுக்குச் செம்பஞ்சுக் குழம்பு ஊட்டினர். அச்சிவப்பு அரக்கிலிருந்து எடுத்தது. தொய்யில் மறைந்தது. ஆனால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த சிவப்பைப் பாதத்தின் ஓரத்தில் தீட்டும் நலங்கு, மாதுங்காவிலும் செம்பூரிலும் நடக்கும் நம் திருமணங்களில் இன்றும் இருக்கிறது.

அப்படியானால் உள்ளங்கையில் மட்டும் நம் பாட்டிமார் ஏன் கொடியும் மயிலும் எழுதவில்லை? நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் சிறு பொட்டுகள், விரல் நுனிகளில் தொப்பி. இவ்வளவோடு நின்றது அவர்கள் கோலம். கலையறிவு குன்றியதாலன்று. வாசலில் நெளிவும் சுழிவுமாகச் சிக்குக்கோலம் இட்ட கைகள் அவை. விடை அம்மியில் இருக்கிறது. தமிழகத்தில் இலையைப் பச்சையாகப் பறித்து, கொட்டைப்பாக்கும் சிறிது புளியும் சேர்த்து அரைப்பது வழக்கம். எவ்வளவு மைய அரைத்தாலும் அதில் நார் இருக்கும். உருண்டையாகப் பிடிக்க வருமேயன்றி இழையாக ஓடாது. வறண்ட மேற்கு நாட்டில் நடந்தது வேறு. இராஜஸ்தானத்தில் பாலி மாவட்டத்துச் சோஜத் என்னும் ஊர் மருதோன்றிச் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. 2021இல் புவிசார் குறியீடும் பெற்றது. அங்கே இலை உலர்ந்து பொடியாகிறது. அப்பொடியை மெல்லிய துணியில் சலித்துக் குழைத்தால் நூல்போல் இழுபடும். கோலத்தின் வேற்றுமை பெரும்பாலும் ஈர இலைக்கும் உலர்ந்த பொடிக்கும் உள்ள வேற்றுமையே என்பது என் கருத்து.

வடக்கிலும் இந்நுண்கோலம் தொன்றுதொட்டு இப்படியே இருந்ததென்று எண்ண வேண்டாம். மொகலாயர் காலத்து ஓவியங்களில் அரச மகளிரின் விரல் நுனிகள் சிவந்திருப்பதையே அடிக்கடி காண்கிறோம். குச்சியால் எழுதும் வழக்கம் பின்னர் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிளாஸ்டிக் தாளைச் சுருட்டிச் செய்த கூம்பு வந்த பிறகே மயிரிழை போன்ற கோடுகள் எளிதாயின. 1995இல் வெளிவந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' போன்ற இந்திப் படங்கள் மருதோன்றி விழாவை நாடெங்கும் கொண்டு சென்றன.

பம்பாய்த் தமிழர் வீட்டில் இது நுழைந்ததற்குச் சினிமா ஒன்றே காரணமன்று. தாராவியின் குறுகிய சந்துகளிலும் மாதுங்காவின் அடுக்கு வீடுகளிலும் வேலியோரத்து மருதாணிச் செடிக்கு இடமேது? 1853 ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணேக்கு முதல் பயணி இரயில் ஓடிய அதே பாதையையொட்டி, பின்னாளில் நம் குடும்பங்கள் பல முலுண்டு, தாணே, டோம்பிவலி என்று நகர்ந்து சென்றன. அங்கும் மாடி வீடுதான். செடி இல்லாத வீட்டில் கடைப்பொடி வந்தது; பொடியோடு கூம்பும், கூம்போடு கோலமும் வந்தன.

எழுதும் முறையில் இரகசியம் ஏதுமில்லை, பொறுமைதான் வேண்டும். சலித்த பொடியை எலுமிச்சைச் சாற்றில் குழைத்துச் சில மணி நேரம் ஊறவிடுவர். புளிப்பு, இலையிலுள்ள லாசோன் என்னும் சாயப்பொருளை வெளிக்கொணரும். அது தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு இணைகிறது. முதலில் பெரிய உருவங்களை வரைந்துகொண்டு, பிறகு இடைவெளிகளை நிரப்புவர். உலரும்போது உதிராமலிருக்கச் சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைப்பர். காலையில் தண்ணீர் படாமல் சுரண்டி எடுத்தால் ஆரஞ்சு நிறமே தெரியும். மணப்பெண் மனம் சோர வேண்டியதில்லை. காற்றுப் பட்டு இரண்டு நாளில் அது கருஞ்சிவப்பாக முதிரும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே எழுதிக்கொள்வது நல்லதென்பது இதனால்தான்.

ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலெனப் பற்றும் 'கறுப்பு மருதாணி' என்று விற்பதை மட்டும் தொடாதிருப்பது நலம். இலைக்கு அந்த நிறம் கிடையாது. தலைமயிர்ச் சாயங்களில் பயன்படும் பாராபினைலீன்டயமின் என்னும் இரசாயனத்தை அதில் கலப்பதுண்டு. அது தோலைப் புண்ணாக்கித் தழும்பு விட்டுச் செல்லும்.

இனி, கோலம் எழுதி முடிந்த அந்தக் கையைச் சற்று உற்று நோக்குங்கள். மயிலும் கொடியும் முழங்கை வரை படர்ந்திருக்கின்றன. உள்ளங்கை நடுவில் இருப்பதோ ஒரு வட்டம். அதைச் சுற்றியே மற்றவையெல்லாம் இதழ் விரிக்கின்றன. பத்து விரல் நுனிகளிலும் கோடு ஒன்றுமில்லாமல் குழம்பை முழுவதும் பூசிவிடுகிறாள் எழுதுகிறவள். பாட்டி வைத்த பொட்டும் தொப்பியும் அவையே.