மலையைச் சிறிதாக்கிய மழை

பாலைவனத்து மழை என்றதும் அருளையே நாம் நினைக்கிறோம். அரபு மக்களோ அதன் சீற்றத்தையும் அறிந்தவர்கள். மரமற்ற மலைகளில் பெய்யும் நீர் மண்ணில் ஊறாது. வறண்டு கிடக்கும் பள்ளத்தாக்குகளில் திரண்டு பெருவெள்ளமாய்ப் பாயும். ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) மக்கமா நகரினுள் புகுந்த வெள்ளம் மகாமு இப்ராஹீமையே இடம்பெயர்த்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து வந்து, அதனைப் பழைய இடத்தில் நிறுவினார்கள்.

இத்தகைய வெள்ளத்தை, அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பாடியவர் கிந்தா அரச குலத்து இம்ருவுல் கைஸ். முஅல்லகாக்களுள் முதலாவதாக வைக்கப்பெறும் அவருடைய நெடும்பாடல் பெருமழையொன்றோடு முடிகிறது. அதன் காதற் பகுதியை நம் பெரியோர் சிலர் விரும்பார். இருக்கட்டும், மழைப் பகுதியை மட்டும் பயில்வோம்.

அங்கே மின்னல், துறவி எண்ணெய் வார்த்துத் தூண்டிய விளக்காகிறது. பெருமரங்கள் குப்புற வீழ்கின்றன. மலையாடுகள் இறங்கி ஓடுகின்றன. தைமாவில் பேரீச்சைகள் சாய்கின்றன, கற்கட்டடங்களே எஞ்சுகின்றன. மழையினூடே தெரியும் மலை, வரிக் கம்பளி போர்த்திய குலத்தலைவர். மறுநாட் காலையில், வெள்ளமும் சருகும் சூழ்ந்த முஜைமிர்க் குன்றின் உச்சியோ, நூல் நூற்கும் தக்ளியின் வட்டு!

மலைக்குத் தக்ளி வட்டா உவமை என்று கேட்கத் தோன்றும். புலவரின் திறம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளத்தின் பருமனை அவர் அளந்து சொல்லவில்லை. மலையைச் சிறிதாக்கிவிடுகிறார், வெள்ளம் தானே பெரிதாகிவிடுகிறது. வட்டு என்றதும் சுழற்சியும் உடன் வருகிறது. மூழ்கி மாண்ட கொடுவிலங்குகளும் அவ்வாறே: நம்மூரில் நரிவெங்காயம் என்கிறோமே, அவ்வினத்துக் கிழங்குகளைப் பிடுங்கி எறிந்தாற்போல் கிடக்கின்றன. கூடாரத்துப் பெண்கள் அன்றாடம் கையாண்ட பொருள்களைக் கொண்டே அழிவின் அளவு உணர்த்தப்படுகிறது.

அதே மழைக்குப் பின், யமன் நாட்டு வணிகன் மூட்டை அவிழ்த்தாற்போல் நிலம் பூக்கிறது. பறவைகள் மிளகிட்ட மது அருந்தினவைபோல் கூவுகின்றன. மிளகு அரபு மண்ணில் விளைவதன்று. மலபார்க் கரையிலிருந்து மரக்கலமேறிச் சென்ற சரக்கு.

1926இல் எகிப்திய அறிஞர் தாஹா ஹுசைன், ஜாஹிலிய்யாக் காலத்தனவாகச் சொல்லப்படும் பாடல்களிற் பெரும்பாலானவை பிற்காலத்தார் புனைந்தவை என்று எழுதிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். அவ்வழக்கை நாம் தீர்க்க முற்படவில்லை. பாடியவர் இம்ருவுல் கைஸோ, அவருக்குப் பின்வந்த எவரோ, கற்கட்டடம் மட்டும் எஞ்சியது என்ற அச்சிறு செய்தியை வெள்ளம் வடிந்த ஊரினுள் நடந்து பார்த்த ஒருவரே கூறியிருக்க முடியும் என்று நமக்குப் படுகிறது.