நீலத் திட்டு

பிறந்த குழந்தையின் அடிமுதுகிலும் புட்டத்திலும் நீலமும் சாம்பலும் கலந்து படர்ந்திருக்கும் தட்டையான நிறமாற்றம் இது. வலியில்லை, தடிப்பில்லை, சிகிச்சையும் வேண்டாம். ஆசிய, ஆப்பிரிக்க, அமெரிக்கப் பழங்குடிக் குழந்தைகளிடம் பரவலாக உண்டு. தமிழ்க் குழந்தைகளிடமும் சகஜம். பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் மங்கிவிடும்.

கருவில் நரம்பு மண்டலம் உருவாகும் பகுதியிலிருந்து கிளம்பும் நிறமி உயிரணுக்கள் தோலின் மேலடுக்குக்குப் போய்ச் சேர வேண்டும். சில, வழியிலேயே உள்ளடுக்கில் தங்கிவிடுகின்றன. அவற்றிலுள்ள மெலனின் கரும்பழுப்புதான். ஆனால் ஆழத்தில் இருப்பதால், தோலுக்குள் புகும் ஒளியில் சிவப்பு உறிஞ்சப்பட்டு நீலம் மட்டும் சிதறித் திரும்புகிறது.

இந்த அறிவியல் வருமுன்பே கொரியர்கள் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பேறுகாலத்தைக் காக்கும் சம்சின் பாட்டி, வெளியே வரத் தயங்கும் சிசுவின் புட்டத்தில் தட்டி அனுப்புகிறாளாம். அந்தத் தட்டலின் தடம்தான் இது. ஜப்பானில் விவரம் போதாத இளைஞனை ‘புட்டம் இன்னும் நீலமாகவே இருக்கிறது’ என்று இன்றும் கேலி செய்வார்கள்.

மருத்துவம் தந்த விளக்கமோ இவ்வளவு இனிமையாக இல்லை. 1876இல் டோக்கியோவுக்கு மருத்துவம் கற்பிக்கப் போன ஜெர்மானியர் எர்வின் பெல்ஸ், பின்னாளில் ஜப்பானிய அரச குடும்பத்துக்கும் வைத்தியம் பார்த்தவர். ஜப்பானியக் குழந்தைகளிடம் இந்தத் திட்டைக் கண்ட அவர், 1885இல் அதை ‘மங்கோலிய’ இனத்தின் அடையாளமாக எழுதினார். மண்டையோட்டை அளந்து மனிதரைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. ‘மங்கோலியத் திட்டு’ என்ற பெயர் பாடநூல்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அதை அசைக்கும் சான்று ஜப்பானிலிருந்தே வந்தது. உடற்கூற்றியலாளர் புன்தாரோ அடாச்சி, மனிதர், குரங்குகள் இரண்டின் தோல் நிறமியையும் ஆராய்ந்து 1903இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். கண்ணுக்குத் திட்டே தெரியாத ஐரோப்பியக் குழந்தைகளின் தோலிலும் அதே உயிரணுக்கள் நுண்ணோக்கியில் தென்பட்டன. வேறுபாடு அளவில்தான் என்றான பிறகும் பழைய பெயர் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. டவுன் நோய்க்குறிக்கும் ஒரு காலத்தில் மங்கோலியப் பெயரே இருந்ததால் குழப்பம் கூடியது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இப்போது மருத்துவ ஏடுகளில் ‘கன்ஜெனிட்டல் டெர்மல் மெலனோசைட்டோசிஸ்’ என்ற பெயரே பெருகி வருகிறது. வாயில் நுழையாவிட்டாலும் யாரையும் இழிவுபடுத்தாத பெயர்.

குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு வேறொரு தொல்லை. இத்தகைய திட்டை அதிகம் பார்த்திராத மேலை நாடுகளில், குழந்தையை யாரோ அடித்ததால் வந்த ரத்தக்கட்டு என்று அதைத் தவறாக நினைத்துப் பெற்றோரைச் சந்தேகித்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. ரத்தக்கட்டு தொட்டால் வலிக்கும். சில நாட்களில் பச்சையாகி, மஞ்சளாகி, மறையும். நீலத் திட்டு வாரக்கணக்கில் நிறம் மாறாது. ஆகவேதான் பிறந்ததும் நடக்கும் முதல் பரிசோதனையிலேயே திட்டு இருக்கும் இடத்தையும் அளவையும் குறித்துவைக்கும்படி மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள்.

தோள், கை, கால் என்று மிகப் பரவலாகப் படர்ந்து, மாதங்கள் கடந்தும் மங்காமல், வளர்ச்சியிலும் பின்னடைவு தெரிந்தால் மட்டும் கதை வேறு. ஹர்லர் நோய், ஜிஎம்1 கேங்லியோசிடோசிஸ் போன்ற அரிதான வளர்சிதைமாற்றக் கோளாறுகள் உண்டா என்று அப்போது பரிசோதிப்பார்கள்.