காரை காணாத சுவர்

பிகாரின் ராஜ்கிரில் ஒரு சுவர் மலை முகடுகளில் ஏறி இறங்கிச் சுமார் 40 கிலோமீட்டர் ஓடுகிறது. மகதத்தின் பழைய தலைநகரான ராஜகிருகத்தைச் சுற்றிக் கட்டிய அரண் அது. இதில் ஒரு கரண்டி காரைகூடக் கிடையாது.

பாணகங்கைக் கணவாயருகே நின்று பார்த்தால் கட்டுமான நுட்பம் புரியும். உளி படாத முரட்டுக் கற்கள், மூன்றடி முதல் ஐந்தடி நீளம், உள்முகத்திலும் வெளிமுகத்திலும். ஒரு கல்லின் புடைப்பு அடுத்த கல்லின் குழிவில் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு முகங்களுக்கும் நடுவே சிறு கற்களை இறுகத் திணித்திருக்கிறார்கள். கல்லின் கனமே கல்லைப் பிடித்து நிறுத்துகிறது. எந்தக் கல் எந்த இடத்துக்கு என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைத்த அந்தக் கண்களை எண்ணினால் எனக்கு மலைப்புதான்.

அவந்தி மன்னன் படையெடுத்து வருவானோ என்று அஞ்சி மகத மன்னன் அஜாதசத்ரு இந்நகரின் அரண்களைப் பலப்படுத்தியதாகப் பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயம் சொல்கிறது. அந்த அவந்தி மன்னன் நமக்கும் தெரிந்தவன்தான். தமிழ்க் காப்பியமான பெருங்கதையில் அதன் நாயகன் உதயணனைச் சிறைபிடிக்கும் பிரச்சோதனன் அவன். அதே உதயணன் அந்நூலின் மகத காண்டத்தில் வந்து சேரும் ராஜகிரி, இந்த ராஜகிருகம்தான்.

சுவரைத் தனிமையில் விட்டது பகைவன் அல்ல. மகத மன்னன் உதயினின் காலத்தில் தலைநகர் பாடலிபுத்திரத்துக்குப் போனது. காவல் காக்க ஆளில்லாமல் கல் மட்டும் நின்றது. 5ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்ரீகர் பாகியான், மலைகளுக்கு நடுவிலிருந்த பழைய நகரை ஆளரவமற்ற வெளியாகவே கண்டார். பிறகு காடு மூடிக்கொண்டது.

1905-06இல் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் அளவுகோலோடு வந்தார். சுவரின் தடிமன் பெரும்பாலும் பதினேழரை அடி. நன்றாக எஞ்சிய இடங்களில் உயரம் பதினொன்று, பன்னிரண்டு அடி. அவர் கண்ட 16 கொத்தளங்களும் பாணகங்கையைச் சுற்றி ஒரு மைலுக்குள் அடங்கிவிட்டன. தெற்கே மலை வாய் திறக்கும் இடம் அது. எதிரி எங்கே நுழைவான் என்று கட்டியவர்கள் சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

இன்று கயை செல்லும் சாலை அந்த வாய் வழியாகத்தான் போகிறது. இருபுறமும் சுவர் அறுபட்டு நிற்க, முகத்துக் கற்களுக்கு நடுவே திணித்த சிறு கற்கள் வெளியே தெரிகின்றன.